கணினி முடங்கினால் யார் பொறுப்பு?

2024 ஜூலை 19 அன்று பல நாடுகளில் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் கணினித் திரைகள் நீலநிறமாக உறைந்தன. கணினிகளைத் தாக்குதல்களிலிருந்து காப்பதற்கென நிறுவப்பட்ட கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான புதுப்பிப்புக் கோப்பே அதற்குக் காரணம். மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி முடங்கியவை சுமார் 85 இலட்சம் கணினிகள். அதாவது விண்டோஸ் கணினிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனினும் அவை பொதுமக்கள் அன்றாடம் நம்பியிருக்கும் சேவைகளின் கணினிகள்.

தவறு சிறியது. புதிய கோப்பு 21ஆவது உள்ளீட்டைத் தேடியது; மென்பொருள் வழங்கியதோ 20 மட்டுமே. சிறு எண்ணிக்கையிலான கணினிகளில் முதலில் இயக்கிப் பார்த்திருந்தால் பாதிப்பு அத்துடன் நின்றிருக்கும். ஆனால் கோப்பு எல்லோருக்கும் ஒருசேர அனுப்பப்பட்டது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டபோதிலும், அதற்குள் முடங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய நேர்ந்தது. படிப்படியாக வெளியிடுதல், திரும்பப் பெறும் வழியை முன்கூட்டியே வைத்திருத்தல் ஆகிய இரண்டும் இதன் முதற்பாடங்கள்.

இரண்டாவது பாடம், மாற்று ஏற்பாடு பற்றியது. அதே நாளில் பாதிக்கப்பட்ட பிற அமெரிக்க விமான நிறுவனங்கள் விரைவில் மீண்டன. டெல்டா நிறுவனமோ ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. பணியாளர்களை விமானங்களுக்கு ஒதுக்கும் அதன் அமைப்பு மீண்டெழ முடியாமல் திணறியது. பிழை வெளியிலிருந்து வரலாம். மீளும் திறன் அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு.

மூன்றாவது பாடம் சட்டம் சார்ந்தது. தனக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 50 கோடி டாலர் என்றது டெல்டா. ஒப்பந்தப்படி தன் பொறுப்பு அதில் சிறு பகுதிக்கே வரம்பிடப்பட்டுள்ளது என்றது கிரவுட்ஸ்ட்ரைக். 2024 அக்டோபரில் டெல்டா ஜார்ஜியா மாநில நீதிமன்றத்தை நாடியது. கடும் கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு உட்பட வழக்கின் பெரும்பகுதி தொடரலாம் என 2025 மே மாதம் நீதிபதி அனுமதித்தார். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளிலேயே இழப்பை யார் சுமப்பது என்பது பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்த ஒப்பந்தத்தில் பயணிக்கோ நோயாளிக்கோ இடமில்லை.

இது நமக்கு அந்நியமான சிக்கல் அன்று. அன்றைய தினம் இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இயந்திரம் நின்றும் பயணம் நிற்கவில்லை. நியாயவிலைக் கடையில் சர்வர் இயங்காதபோதோ கைரேகை பதியாதபோதோ முதியவர் ஒருவருக்குக் கிடைக்கும் விடை என்ன? பெரும்பாலும், ‘நாளை வாருங்கள்’ என்பதே. அங்கீகாரம் தோல்வியுற்றது என்பதற்காகத் தகுதியுள்ள எவருக்கும் பலன் மறுக்கப்படக்கூடாது என்பதை 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் பதிவு செய்துள்ளது. நாளைக் கூலியை இழந்து வரிசையில் நிற்பவருக்கு மற்றொரு நாள் என்பது மற்றொரு நாள் பட்டினி.

ஆகவே எந்த நிறுவனத்திடமும், அரசுத் துறையிடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: இயந்திரம் நின்றால் மாற்று வழி எது? அதைப் பயன்படுத்தும் அதிகாரம் கடைநிலை ஊழியருக்கு எழுத்துமூலம் உண்டா? மறுக்கப்பட்ட ஒவ்வொரு நிகழ்வும் பதிவாகிறதா? பதிவேடு இல்லாத மறுப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம்.