வன்னியில் தொலைந்தவர்களில் நம்மவர்களும் உண்டு

"சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள், வடக்குப் பிரச்சினையை வடக்கு பார்த்துக்கொள்ளும்" என்று தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சில தோழர்கள் சொல்வதுண்டு. அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. பெரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் இடையே மூச்சுவிட நேரமில்லாதவர்கள் நாம். ஆனாலும் அந்தப் பேச்சு சரிதானா என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்போம்.

வன்னியில் இருப்பவர்கள் யார்? 1970களின் பஞ்சத்தில் தோட்டத்தில் பிழைக்க வழியில்லாமல் போனவர்கள் நம் ஆட்கள். 1977 கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டு, கையில் கிடைத்த மூட்டையோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களும் நம் ஆட்கள்தான். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள். பலருக்குக் காணி உறுதிகூடக் கிடைக்கவில்லை. 2009இல் அங்கே ஷெல் விழுந்தபோது, இவர் யாழ்ப்பாணம், இவர் மலையகம் என்று பிரித்துப் பார்த்து அது விழவில்லை.

அரசாங்கமே "பாதுகாப்பு வலயம்" என்று அறிவித்த இடங்களுக்குள் ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. கடைசி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. விடுதலைப் புலிகள் மக்களைப் போகவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் படையில் சேர்த்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் புலிகள் செய்த குற்றத்தைக் காட்டி அரசாங்கம் தன் குற்றத்தைக் கழுவிவிட முடியாது. சட்டம் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் முதலில் கணக்குச் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடிந்தபின் 3 இலட்சம் பேரளவில் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களைத் தேடித்தான் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது காசு அல்ல. "கண்முன்னே கையளித்த பிள்ளை எங்கே?" என்ற ஒரே கேள்விக்குப் பதில். அந்தப் பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

இதெல்லாம் மலைக்கு அப்பால் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அரசின் காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். வழக்கு நடந்தது, ஐவருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. 2005க்குள் எல்லோரும் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். கொலை நடந்தது, கொலைகாரன் மட்டும் இல்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகச் சட்டமாக வந்து, 1982இல் நிரந்தரமானது. வழக்கில்லாமல் மாதக்கணக்கில் தடுத்து வைக்கலாம். பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்த்த நம் பிள்ளைகள் எத்தனை பேர், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்த ஒரே காரணத்துக்காக அள்ளிக்கொண்டு போகப்பட்டார்கள் என்பது லயத்து மூத்தவர்களுக்குத் தெரியும். மேலும் ஒன்றை மறக்கக்கூடாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே அரசாங்கம்தான் மறு வருடம், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வேலையிலிருந்து துரத்தியது. ஒரு பகுதி மக்களை அடக்கப் பழகிய கை, தொழிலாளியின் கழுத்துக்கு வர அதிக நாள் எடுக்காது.

"அப்படியானால் தனிநாடு கேட்கிறீர்களா?" என்று கேட்பார்கள். 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு அன்றைய மலையகத் தலைமை உடன்படவில்லை. நமது மக்கள் பல மாகாணங்களிலும் சிதறி வாழ்கிறார்கள், நமது நிலைமை வேறு. ஆனால் தம்மை யார், எப்படி ஆள வேண்டும் என்று கேட்பது ஒரு மக்களின் உரிமை. 1983இல் ஆறாவது திருத்தம் அதை அமைதியாகக் கேட்பதையே குற்றமாக்கியது. கேட்டதற்குச் சம்மதிக்காமல் இருக்கலாம், வாதாடலாம். கேட்டதற்காகக் கொல்லவும் காணாமல் ஆக்கவும் எந்த அரசாங்கத்துக்கும் உரிமை கிடையாது. 1948இல் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நமக்கு இதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் குறைவு என்ற குறை நமக்கு இன்றும் உண்டு. அந்தக் குறையைப் பிறர்மீது நாம் திருப்பிச் செய்யலாமா?

ஆகவே நாம் கேட்பது இவைதான். பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு பெயரில் திரும்பி வராமல் முழுதாக நீக்கப்பட வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உண்மை சொல்லப்பட வேண்டும். வன்னியில் உறுதியில்லாமல் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்குக் காணி எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். வன்னிக்குப் போய்த் தகவல் இல்லாமல் போன உறவினர் உங்கள் லயத்தில் யாருக்காவது இருந்தால், பெயரையும் ஊரையும் கடைசியாகக் கண்ட நாளையும் எழுதி வையுங்கள். எழுதப்படாத பெயர் இரண்டாவது தடவையும் காணாமல் போய்விடும். நாள் சம்பளத்துக்காக ஒன்றாக நிற்கத் தெரிந்த நமக்கு, அந்தத் தாய்மாருக்காகவும் ஒன்றாக நிற்கத் தெரியும்.