கேளிக்கைப் பூங்காவும் கூத்துக் களரியும்

படுவான்கரைப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் நண்பரொருவர் சென்ற கிழமை என்னைக் காண வந்தார். கையில் ஒரு கட்டு அப்பியாசக் கொப்பிகள். விடுமுறையில் தம் மாணவரை நாட்டின் மேற்குப் புறத்துள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்று மீண்டவர், வழக்கம்போல் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். அக்கொப்பிகளுள் ஒன்றைப் பிரித்து என் மேசைமீது வைத்து, "இதை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள், ஐயா" என்றார்.

எட்டாம் வகுப்பு மாணவி எழுதியது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற கட்டுப்பாடெல்லாம் அதில் இல்லை. "ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். மூன்று நிமிடம் சுற்றினோம். இரண்டு இராட்டினங்களில் திருத்த வேலை என்று பலகை தொங்கியது. திரும்பி வரும்போது பஸ்ஸில் விடியும்வரை பாடினோம். அதுதான் எனக்கு நல்ல விருப்பம்." இவ்வளவே.

"பிள்ளைக்கு எத்தனை புள்ளி இடுவது?" என்று கேட்டார் நண்பர். பின்னர், தாம் வந்த காரியத்தைச் சொன்னார்: "நமது வாவிக்கரையிலும் அப்படியொரு பூங்கா வேண்டுமென்று பலர் பேசுகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்." அந்தக் கேள்விக்கு விடை தேடியே இவ்வார ஆசிரியவுரையை எழுதத் தொடங்குகிறேன்.

கேளிக்கைப் பூங்காக்களை இகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் இராட்டினம் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கமொன்று உண்டு. அது தகாது. மனிதனை மகிழ்விப்பதும் ஒரு கலையே. டென்மார்க்கின் தலைநகரில் 1843ஆம் ஆண்டில் திறந்த டிவோலிப் பூங்கா இன்றும் மக்களை மகிழ்விக்கிறது. 1955ஆம் ஆண்டு யூலை மாதம் கலிபோர்னியாவில் வோல்ட் டிஸ்னி தம் பூங்காவைத் திறந்தபோது, அதுவரை தனித்தனிக் கூடாரங்களாக இருந்த களியாட்டம், ஒரே கதைக்குள் நடந்து செல்லும் அனுபவமாக மாறிற்று. 1959இல் உருக்குக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடும் மலை வண்டி அங்கே வந்தது. இன்று உலகெங்கும் வளைந்து நெளியும் உருக்கு வண்டிகளுக்கு அதுவே முன்னோடி. 1963இல் இயந்திரப் பறவைகள் பாடின, பேசின. இவை யாவும் அக்காலத்துப் புதுமைகள் என்பதில் ஐயமில்லை.

அந்த வேகம் இன்றும் உண்டா என்பதே வினா. இயந்திரத்தைப் பொறுத்தவரை, உண்டு என்றே சொல்ல வேண்டும். வேகமும் உயரமும் திரைக்காட்சி நுட்பமும் ஆண்டுக்காண்டு வளர்கின்றன. ஆனால் கதையைப் பொறுத்தவரை நான் அவ்வாறு சொல்லத் துணியேன். 1967இல் டிஸ்னிலாந்தில் கடற்கொள்ளையர் காட்சி திறக்கப்பட்டது. அது எந்தப் படத்தையும் பின்பற்றி எழுந்ததன்று. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2003இல், அதனைப் பின்பற்றியே திரைப்படம் எழுந்தது. அன்று பூங்கா கதை படைத்தது. சினிமா கடன் வாங்கியது. இன்று நிலை தலைகீழ். 2025ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் யூனிவர்சல் நிறுவனம் திறந்த மாபெரும் பூங்காவின் உலகங்களுள் பெரும்பாலானவை திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் நாம் முன்னரே கண்டவை. வேலைப்பாடு வியக்கத்தக்கதாகலாம்; ஆயினும் புதுமை என்ற சொல்லை அங்கே சற்றுத் தயங்கியே பயன்படுத்த வேண்டும்.

தரம் என்பது இன்னொன்று. டிஸ்னி பூங்காக்களில் வரிசையில் நெடுநேரம் நிற்காமலே ஏறுவதற்கு 1999இல் ஒரு முறை வந்தது. அனுமதிச் சீட்டு வாங்கிய எவருக்கும் அது இலவசம். 2021இல் அமெரிக்கப் பூங்காக்களில் அது நீங்கி, பணம் கொடுப்போர் முந்திச் செல்லும் முறை அவ்விடத்தைப் பிடித்தது. பணம் இல்லாதவன் நிற்கிறான். உள்ளவன் அவனைக் கடந்து போகிறான். ஒரே வாயிலால் நுழைந்த இரு பிள்ளைகளை இவ்வாறு பிரிக்கும் இடத்தில் இயந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும், தரம் குன்றிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கடல் கடந்து தமிழகத்தை நோக்குவோம். 1995இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா பூங்கா எழுந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் அதனை நிறுவினார். ஒரு தலைமுறைச் சென்னைச் சிறுவரின் கோடை விடுமுறைகளில் அதற்கும் பங்குண்டு. அதே பூங்காவில் 2016ஆம் ஆண்டு, சோதனை ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். களிப்புக்கென நாம் ஏறும் ஒவ்வோர் இயந்திரத்தின் பின்னாலும் அதனைப் பேணும் தொழிலாளியின் உயிர் இருக்கிறது என்பதை அந்நிகழ்ச்சி நினைவூட்டியது. 2025 திசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பகுதியில் வொண்டர்லாப் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சையை நினைவூட்டும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம். பெயரளவில் நில்லாது, தஞ்சையின் கதையும் அங்கே வளருமாயின் மகிழ்வேன்.

சென்னைப் பூங்காக்களைப் பற்றி அங்கு சென்று வந்தவர்களைக் கேட்டால், பலர் முதலில் நினைவுகூர்வது இராட்டினத்தையன்று. விஜிபி பூங்காவில் பல்லாண்டுகளாக அசையாது நின்ற சிலை மனிதரைத்தான். அவரைச் சிரிக்க வைக்கப் பிள்ளைகள் முயல்வர், பெரியோரும் முயல்வர், அவர் அசையார். மின்சாரம் வேண்டாத, பற்சக்கரம் இல்லாத ஒரு காட்சி அத்தனை இயந்திரங்களையும் வென்றது. காரணம் எளியது. அங்கே பார்வையாளர் வெறும் சுமையாக ஓர் ஆசனத்தில் கட்டப்பட்டிருக்கவில்லை. அவருக்கும் அந்த ஆட்டத்தில் பங்கிருந்தது. நம் மாணவி பஸ்ஸில் பாடியதைப் பெரிதாக எழுதியதன் காரணமும் இதுவே.

இவ்வுண்மையை அறிந்து எழுந்த பூங்காக்களும் உலகில் உள. ஒல்லாந்தில் எஃப்டெலிங் என்னும் பூங்காவில் 1952இல், அன்ரன் பீக் என்ற ஓவியரின் வடிவமைப்பில், பத்து நாட்டார் கதைகளைக் கொண்ட கதைவனம் ஒன்று திறக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கடந்தும் அவ்வனம் அழியவில்லை, கதைகள்தாம் பெருகியிருக்கின்றன. மேற்குப் பிரான்சில், புய் து ஃபூ என்னும் பாழடைந்த கோட்டையருகே, 1978இல் சுற்றூர் மக்களே கூடி இரவு நாடகம் ஒன்றை நடத்தத் தொடங்கினர். ஊதியமின்றி நடித்தவர்கள் அவர்கள். இன்று அதனைச் சூழ்ந்து எழுந்துள்ள பூங்கா பிரான்சில் மிகுதியானோர் செல்லும் பூங்காக்களுள் ஒன்று. அங்கே ரோலர் கோஸ்டர் கிடையாது. ஆயினும் அதன்மீது வரலாற்றறிஞர் சுமத்தும் குற்றமொன்றும் உண்டு. ஒரு பக்கத்தார்க்குச் சாதகமாகவே அங்கு வரலாறு சொல்லப்படுகிறது என்பர். அதனை மனத்தில் வைத்துக்கொள்வோம். நமக்கும் அது வேண்டியிருக்கும்.

ஊரார் கூடி, இரவெல்லாம், வெட்டவெளியில், தம் கதையைத் தாமே ஆடுவது. பிரான்சியர் 1978இல் கண்ட இது மட்டக்களப்புக்குப் புதிதா? சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என மாதக்கணக்கில் நீளும் கூத்து நமக்கு உண்டு. வடமோடியும் தென்மோடியும் உண்டு. வட்டக் களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் அமர்வர். ஆடுபவன் அடுத்த வீட்டுக்காரன். அண்ணாவியார் பக்கத்துத் தெருக்காரர். பார்ப்போர்க்குப் பாட்டும் தெரியும், தாளமும் தெரியும், பிழைத்தால் பிடிப்பர். நுழைவுச் சீட்டு இல்லை. முந்திச் செல்லும் வரிசையும் இல்லை.

பழமை என்று இதனைத் தள்ளுவார்க்கு ஒன்று சொல்வேன். கூத்து அசையாது நின்ற கலையன்று. 1956இல் சரச்சந்திரரின் 'மனமே' சிங்கள அரங்கில் புதுவழி காட்டிற்று. அதன்பின் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு சென்றார். விடிய விடிய ஆடியது சுருங்கிற்று. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன நாடெங்கும் புகழ் பெற்றன. 2000களில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவர்தம் குழுவினரும் சீலாமுனை மக்களோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, வேறொரு புதுமையை நாடினர்: கூத்துக்குள் மண்டிக் கிடந்த ஏற்றத்தாழ்வுகளை ஊராரே கேள்வி கேட்கச் செய்தல். ஆம், நம் களரியிலும் குறை உண்டு. பெண் வேடத்தை ஆணே ஆடினான், பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதி பார்த்து ஆட்டுவித்த காலமும் இருந்தது. அக்குறைகளை மறைத்துப் பெருமை பேசுதல் நேர்மையன்று. குறையைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்வதே உண்மையான புதுமை.

நண்பர் இடைமறித்தார். "பிள்ளைகள் கூத்தைக் கேட்கவில்லை, ஐயா. இராட்டினத்தைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டி அதற்குப் பூங்கா என்று பெயர் வைத்துவிடுவீர்கள்."

நியாயமான வார்த்தை. நானும் இராட்டினம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போரிலும், 2004 திசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையிலும் பெற்றோரின் சிரிப்பு பறிபோன ஊர் இது. நம் பிள்ளைகள் உயரே ஏறி வாவியைப் பார்த்துக் கூவிச் சிரிக்கட்டும். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. படுவான்கரைப் பிள்ளை ஓர் இராட்டினம் ஏறுவதற்கு ஓரிரவும் ஒரு பகலும் பஸ்ஸில் கழிக்க வேண்டுமென்பது முறையன்று. ஆனால் பிறர் கழித்துவிட்ட பழைய இயந்திரங்களை வாங்கி, வண்ணம் பூசி, திறப்பு விழா நடத்தி, சில ஆண்டுகளில் உப்புக் காற்றுக்கு இரையாக விட்டுவிடும் பூங்கா நமக்கு வேண்டாம். கட்டும் பணத்தைப் போலவே பேணும் பணத்தையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். வாணிபத்தோடு தொடர்பற்ற பொறியியலாளர் ஆண்டுதோறும் பரிசோதித்து, அவ்வறிக்கையை வாயிலில் ஒட்ட வேண்டும். வாவியின் கண்டற் காடுகளை வெட்டி நிலம் தேடலாகாது. அவற்றின் வேரடியிலேதான் இறாலும் மீனும் வளர்கின்றன, அவற்றை நம்பியே மீனவர் அடுப்பு எரிகிறது. கூலித் தொழிலாளியின் பிள்ளையும் நுழையக்கூடிய கட்டணம் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது கதை. யாருடைய கதை? இங்கேதான் புய் து ஃபூவின் குறை நமக்கு எச்சரிக்கையாகிறது. இந்த வாவிக்கரை தமிழருக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம்கள், பறங்கியர், சிங்களவர், கரையோர வேடர் ஆகிய யாவருக்கும் இங்கே பாட்டும் கதையும் உண்டு. ஒரு சாராரின் கதையை மட்டும் சொல்லி மற்றையோரை விருந்தினராக்கும் பூங்கா, எத்துணை ஒளி விளக்குகளை ஏற்றினாலும், இருட்டையே வளர்க்கும். சுவாமி விபுலானந்தர் பெயரில் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்நிறுவகத்து மாணவரும், ஊர் அண்ணாவிமாரும், தச்சரும், மீனவரும் ஒருங்கமர்ந்து திட்டமிட வேண்டிய வேலை இது. வெளிநாட்டு விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிவு செய்யும் வேலையன்று.

பாடும் மீனுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட இவ்வாவியில், நிலாக் காலத்து இரவில், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது நம் முன்னோர் கண்ட வழக்கம். பாடுவது மீனா, ஊரியா என்ற வாதம் கிடக்கட்டும். கேட்பதற்கு எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும்; தோணிக்காரன் உட்பட. உலகின் எந்தப் பெரிய பூங்காவும் விற்க முடியாத காட்சி அது. நாம் கட்டும் பூங்காவின் ஓசை அந்த ஒலியை மூழ்கடிக்குமாயின், பெற்றதைவிட இழந்தது பெரிதாகும்.

நண்பர் புறப்படும்போது கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். "புள்ளி?" என்றார். நிறைவாகவே இடச் சொன்னேன். அறிஞர் பலர் ஏடு ஏடாக ஆராயும் ஒன்றை அச்சிறுமி ஐந்து வசனங்களில் எழுதிவிட்டாள். வாவிக்கரையில் என்றேனும் ஒரு பூங்கா எழுமாயின், அதன் தரத்தை அளக்க நிபுணர் குழு வரட்டும். அதற்குமுன் அவளை அழைத்துச் சென்று, திரும்பி வந்தபின் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.