நான்கு சக்கரமும் இழுக்கும், சரி… அவசரத்தில் வண்டி நிற்குமா?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் ரப்பர் காடாக இருந்த நிலம் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது. ஆனால் தோட்டத்துக்குள் போகும் பாதை பல இடங்களில் இன்னும் அதே செம்மண்தான். ஒரு மழை போதும், சாதாரண கார் திணறிவிடும். ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் போன்ற டபுள்-கேப் வண்டிகளுக்கு இங்கே இவ்வளவு மவுசு இருப்பதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சொல்லவே வேண்டாம், ஸ்டைல்.

"ஃபோர் வீல் தானே, பிரேக் அடிச்சா அப்படியே நிக்கும்" என்று யாராவது சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது உண்மை இல்லை. மழை நாளில் இந்த நினைப்பு ஆபத்தாகவும் முடியலாம்.

ஃபோர் வீல் டிரைவ் என்றால் எஞ்சினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகிறது, அவ்வளவுதான். சேற்றிலிருந்து வெளியே வர, மேடு ஏற அது உதவும். பிரேக் விஷயம் வேறு. பக்கத்து வீட்டு மைவிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அவசரமாக நிறுத்தும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம். எஞ்சின் எத்தனை சக்கரத்தை இழுக்கிறது என்பது அங்கே கணக்கிலேயே வராது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈரச் சாலையில் சாதாரண காரை வேகமாகக் கிளப்பினால் சக்கரம் வழுக்கும். 'இன்னைக்கு ரோடு சரியில்ல' என்று உங்களுக்கு உடனே புரிந்துவிடும். ஃபோர் வீலில் போட்ட வண்டி அந்த எச்சரிக்கையைக் கொடுக்காது, சமர்த்தாகக் கிளம்பிப் போய்விடும். சாலை எவ்வளவு வழுக்கல் என்பது பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும்.

7 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள்

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரும், பக்கத்துத் தடத்தில் ஒரு டபுள்-கேப்பும் போகின்றன. இருவரும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் பிரேக் மிதிக்கிறார்கள். கார் 35 மீட்டரில் நிற்கிறது, டபுள்-கேப்புக்கு 42 மீட்டர் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7 மீட்டர், ஏறக்குறைய ஒன்றரைக் கார் நீளம். ஆனால் கார் முழுசாக நின்றுவிட்ட அந்த 35-வது மீட்டரில் டபுள்-கேப் இன்னும் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மீட்டருக்கு மீட்டர் பார்த்தால், வேகம் மிக விரைவாகக் குறைவது கடைசிச் சில மீட்டர்களில்தான். முன்னால் நிற்பது ஒரு மோட்டார் சைக்கிள் என்றால், அந்த 37 போதும். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. ஒன்றரை விநாடி தாமதித்தால், அதே வேகத்தில் வண்டி 37 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

டபுள்-கேப்புக்கு ஏன் கூடுதல் தூரம்? சுமை ஏற்றத் தோதாக அமைக்கப்பட்ட வண்டி அது. பின்பகுதி காலியாக இருக்கும்போது பின்சக்கரங்களின் மேல் பாரம் குறைவு. பிரேக் மிதித்ததும் இருக்கிற பாரமும் முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்களின் பிடிமானம் இன்னும் குறைகிறது. பல மாடல்களில் பின்னால் இன்னும் டிரம் பிரேக்தான். டயரும் சேற்றுக்கும் கல்லுக்கும் ஏற்ற கரடுமுரடான வகையாக இருந்தால், ஈரத் தாரில் அது காரின் டயர் அளவுக்குப் பிடிக்காது.

ஏபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். தார்ச் சாலையில் அது பெரிய துணை. சரளைக்கல் பாதையில் ஏபிஎஸ் உள்ள வண்டி சற்றுக் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். சக்கரம் இறுகி நின்றுவிட்டால் முன்னால் கல் குவிந்து வண்டியைத் தடுக்கும், ஏபிஎஸ் சக்கரத்தை இறுக விடாது. பதிலுக்கு ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும். அது நல்ல பேரம்தான்.

லிஃப்ட் பண்ணின வண்டி

வண்டியை உயர்த்தி, பெரிய டயர் போடுவது இங்கே பலருக்கும் ஆசை. 265/65 ஆர்17 டயரை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 7 விழுக்காடு கூடும். மீட்டர் 90 காட்டும்போது நீங்கள் உண்மையில் 96-ல் போகிறீர்கள். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும். பிரேக் என்னவோ பழையதுதான்.

பட்டறையில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. பழைய டபுள்-கேப்கள் பலவற்றில் பின்புற ஆக்ஸிலுடன் இணைந்த ஒரு வால்வு இருக்கும். பின்பகுதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து வண்டியில் சுமை இருக்கிறதா என்று கணித்து, பின்பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். வண்டியை உயர்த்திவிட்டு இதைச் சரிசெய்யாவிட்டால், சுமையே இல்லை என்று வால்வு ஏமாந்துபோகும். ஒரு டன் ஏற்றியிருந்தாலும் பின்பிரேக் பாதி தூக்கத்தில்தான் இருக்கும்.

மலையிறக்கம்

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் பாதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்கறி லாரி, சுற்றுலா கார், டபுள்-கேப் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரம் இறங்குவதும், பிரேக்கை மட்டுமே நம்பினால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 30 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமமான வெப்பத்தை உண்டாக்கும். அந்தச் சூட்டில் பிரேக் பட்டையின் பிடி தளரும். பிரேக் எண்ணெய் ஈரம் உறிஞ்சிப் பழசாகியிருந்தால் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். இந்த இடத்தில் குறைந்த கியர்தான் உங்களைக் காப்பாற்றும். செம்மண் சரிவில் 'ஃபோர் லோ' போட்டால் எஞ்சினின் தடுப்பு நான்கு சக்கரத்துக்கும் போகும். வண்டியின் வேகத்தைக் குறைக்க ஃபோர் வீல் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போடக் கூடாது.

2025 ஜூன் 9 அதிகாலை, பேராக்கின் கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து உப்சி மாணவர்கள் 15 பேர் இறந்தது நினைவிருக்கும். இறக்கத்தில் பேருந்தின் வேகம் மணிக்கு 117.7 கிலோமீட்டர் என்றது முதற்கட்ட அறிக்கை. அதன்பின் பேச்செல்லாம் பேருந்து, லாரிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றித்தான். வீட்டு வாசலில் நிற்கும் டபுள்-கேப் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

வண்டியே பிரேக் போடுமா?

ரேடார், கேமரா வழியாக ஆபத்தை உணர்ந்து தானே பிரேக் போடும் வசதி 2017-லேயே மைவியின் உயர் ரகத்தில் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். நம் சந்தையில் ஒரே டபுள்-கேப் மாடலில் விலை கூடிய ரகத்தில் இருக்கும், தோட்ட வேலைக்கு வாங்கும் அடிப்படை ரகத்தில் இல்லாமல் போகலாம்.

இருந்தாலும் முழுசாக நம்பிவிடாதீர்கள். பாதசாரிகளைக் கண்டு பிரேக் போடும் வசதி அத்தகைய விபத்துகளை 27 விழுக்காடு குறைக்கிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2022-ல் கண்டறிந்தது. தெருவிளக்கு இல்லாத இருட்டுச் சாலைகளில் மட்டும் எந்தப் பலனும் தெரியவில்லை. பழைய தோட்டத்துச் சாலைகளில் இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? 'லிஃப்ட் 2 இன்ச், எம்டி டயர், டிப்டாப் கண்டிஷன்' என்று விளம்பரத்தில் இருக்கும். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினார்கள், பின் டிரம்மைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது, உயர்த்தியபோது அந்த வால்வைச் சரிசெய்தார்களா, மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில், பின்னால் யாரும் வராதபோது, 40-ல் போய் ஒருமுறை அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் காலடியில் படபடவென்று உதறும். முதல்முறை அது நடக்கும்போது பயந்து காலை எடுத்துவிடுபவர்கள் நிறைய. எடுக்காதீர்கள், வண்டி நிற்கும்வரை மிதித்தபடியே இருங்கள்.