டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல சத்தத்தைக் கேளுங்க!

மழை விட்டு மூன்றாம் நாள். மண் காலில் அப்பவில்லை, கட்டியாக இறுகவும் இல்லை. ரோட்டவேட்டர் ஓட்ட இதைவிட நல்ல பதம் கிடைக்காது. வெயில் ஏறினால் நாளை மறுநாள் இந்தப் பதமும் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டகையில் நிற்கும் மினி டிராக்டர் மக்கர் பண்ணும்.

பதற்றத்தில் பலர் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதுசு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பழகிய மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவர் பேட்டரியைப் பற்றிக் கேட்க மாட்டார். “அண்ணே, சாவி போட்டா என்ன சத்தம் வருது?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சத்தமே இல்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எஞ்சினை அல்ல, பாதுகாப்பு சுவிட்சுகளை. இன்றைய மினி டிராக்டர்கள் பலவற்றில் கிளட்ச்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட் போகும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. லீவர் விடுபட்டிருக்க வேண்டும். சில மாடல்களில் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். நேற்று சாயங்காலம் அவசரமாக இறங்கிப் போனவர் பி.டி.ஓ.வைப் போட்டபடியே விட்டிருந்தால், காலையில் வண்டி ஊமையாகத்தான் நிற்கும். கிளட்ச் பெடலுக்கு அடியில் இருக்கும் சுவிட்சில் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். கியர் லீவரை ஒருமுறை ஆட்டி நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை அழுத்தி மிதித்து மறுபடி சாவியைத் திருப்பிப் பார்க்கப் பைசா செலவில்லை. அதிலும் சரியாகவில்லையென்றால் ஃபியூஸ்.

‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், அல்லது ‘டிக் டிக் டிக்’ என்று தொடர் சத்தம், அல்லது எஞ்சின் முக்கி முனகி மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “லைட்டு நல்லா எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். லைட்டுக்குச் சில ஆம்பியர் கரன்ட் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. வெளிச்சம் சட்டென்று மங்கினாலோ அணைந்தாலோ, பேட்டரியில் தெம்பில்லை அல்லது டெர்மினலில் பிடிப்பில்லை. வெளிச்சம் மங்காமல் ‘டிக்’ மட்டும் கேட்டால், கோளாறு பெரும்பாலும் சொலினாய்டிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பு சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் நல்ல பேட்டரியைக் கெட்ட பேட்டரியாகக் காட்டுவது பெரும்பாலும் அதுதான். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பேட்டரிக்குள் போய்விடாமல் டெர்மினலை மட்டும் கழுவித் தேய்த்தால் உப்பு போய்விடும். எர்த் ஒயரின் மறுமுனை சேஸியில் இறுகும் இடத்தையும் மறக்கக் கூடாது. அங்கே துரு பிடித்திருந்தால் இந்தப் பக்கம் எவ்வளவு பளபளப்பாக்கினாலும் பலனில்லை. கையில் மல்டிமீட்டர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சாவியைத் திருப்பும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றியும் அப்படியே விழுந்தால்தான் புது பேட்டரிக்குச் செலவு.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் ஸ்குரூ டிரைவரோடு வருவார். கீழே குனிந்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் அதால் தொட்டு “இப்படித்தான் ஸ்டார்ட் பண்ணணும்” என்பார். இதை மட்டும் யாரும் அனுமதிக்கவே கூடாது. அந்த ஸ்குரூ டிரைவர் கிளட்ச், நியூட்ரல் சுவிட்சுகள் எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கரன்ட் கொடுத்துவிடுகிறது. வண்டி கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த கணமே நகரும். தொட்டவர் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். இப்படி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால்தான் கம்பெனிக் கையேடுகளே இதை எச்சரிக்கையாக அச்சடிக்கின்றன.

எஞ்சின் ‘கிர்ர்’ என்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். விஷயம் டீசலில். இழுத்து நிறுத்தும் ஸ்டாப் குமிழ் உள்ள வண்டியில், அது முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நேற்று அணைக்க இழுத்தது அப்படியே வெளியே நின்றுவிட்டால் பம்பிலிருந்து டீசல் வராது. மெக்கானிக் பத்து கிலோமீட்டர் வந்து அந்தக் குமிழை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போவது ஊருக்கு ஊர் நடப்பதுதான்.

அடுத்து புகை. சைலன்சரில் துளி புகைகூட இல்லையென்றால் டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை. டேங்க்கில் டீசல் இருக்கிறதா, காக் திறந்திருக்கிறதா, ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அரை டேங்க்கோடு விட்ட வண்டியில், காலி இடத்துக் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராக இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது அடியில் போய்த் தங்கிவிடும். டீசல் ஒருமுறை சுத்தமாகத் தீர்ந்து மறுபடி ஊற்றியிருந்தால் பைப்பில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்பை அடித்தால் முதலில் நுரை வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை ஆன் செய்தாலே காற்று தானாக வெளியேறிவிடும். இன்ஜெக்டர் பைப்பை மட்டும் தளர்த்திப் பார்க்கக் கூடாது. அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது மெக்கானிக் வேலை.

வெள்ளைப் புகை வருகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. ஊட்டி, கொடைக்கானல் காலைக் குளிரில் ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை காத்திருக்காமல் சாவியைத் திருப்பினால் இப்படி ஆகும். சமவெளியில் இதே புகை என்றால் ஹீட்டர் பிளக்கோ எஞ்சின் கம்ப்ரஷனோ சோதனை கேட்கிறது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கும் குறுக்குவழி ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஆபத்து. ஸ்பிரே உள்ளேயே வெடித்துத் தீப்பிடிக்கும். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கலாம். இரண்டு மாதம் கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருக்கக்கூடும். எலி நுழைந்திருந்தால் ஒயரையும் சும்மா விட்டிருக்காது.

எது எப்படியானாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவே அரை நிமிடமாவது விட வேண்டும். இல்லையென்றால் சின்னக் கோளாறைத் தேடப் போய் மோட்டார் காயில் கருகிவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் நேராகக் காட்டுக்கு ஓட்டிவிடாமல் மீட்டரை மறுபடி பேட்டரியில் வைத்துப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பன்னிரண்டரையிலேயே நின்றால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அப்படியென்றால் தாமதிக்காமல் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.