துளித் துளியாய் அமுதம்

என்னிடம் முன்பு பயின்ற பெண்ணொருத்திக்கு 32-ஆம் வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. சிசு கண்ணாடிப் பெட்டியில், தாயோ வார்டில். முதல் நாள் பீச்சியதில் சில துளிகளே கிடைத்தன. "எனக்குப் பாலே இல்லை, டீச்சர்" என்று விம்மினாள்.

அந்தோ! குறை அவளுடையதன்று. அத்தனை முன்னதாகப் பிறந்த சிசுவுக்குச் சப்பி விழுங்கும் வல்லமை வருவதில்லை. சப்பாவிடில் பால் சுரப்பது எங்ஙனம்? ஆகவே, மூன்று மணிக்கொரு முறை, இரவிலுங்கூட, பீச்சியே ஆகவேண்டும். அச்சில துளிச் சீம்பாலே சிசுவின் குடலுக்குக் கவசம். குழாய் வழியே புகட்டுவர்.

பால் ஊறும் வரையில்? 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் நம் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். இன்று கோவை அரசு மருத்துவமனையிலும் அத்தகைய வங்கி உண்டு. பிற தாய்மார் ஈந்த பாலை 62.5 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கிப் பாதுகாக்கிறார்கள்.

பாட்டிமார்களே! "பால் இல்லையா?" என்று கேளாதீர்கள். "சாப்பிட்டியா, கண்ணு?" என்று கேளுங்கள்.