பழைய காருக்குப் புது எஞ்சினா?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஒரு மத்தியஸ்தத்துக்காக என்னைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். சொத்துத் தகராறு, அல்லது சம்பந்தி வீட்டுச் சச்சரவு, இப்படி ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, வழக்கு கொல்லைக் கொட்டகையில் நிற்கிறது என்று. 1966-ஆம் வருஷம் அவருடைய தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இரண்டு கதவு, வெளிர் நீலம். பதினைந்து வருஷமாக ஓடவில்லை. மேலே ஒரு விரற்கடைத் தூசி; உள்ளே எலி குடித்தனம் செய்த அடையாளம்.

வாதி, நண்பருடைய மகன். “மாமா, நீங்களே சொல்லுங்கள். இந்த எஞ்சினை இறக்கிவிட்டுப் புது எஞ்சின் ஒன்று ஏற்றி, ஏ.ஸி. வைத்து, டிஸ்க் பிரேக்கும் போட்டுவிட்டால் நான் தினம் ஆபீசுக்கு எடுத்துப் போவேன். இப்படியே வைத்தால் துருப்பிடித்துத்தான் போகும்” என்றான்.

பிரதிவாதி, நண்பர். “ஒரு திருகாணி மாறினாலும் அது எங்கப்பா வண்டி இல்லை. இவனுக்கு ஆபீசுக்குப் போக வண்டி வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளட்டுமே!” என்றார்.

நடுவில் காபி வந்தது. அது இரண்டு கட்சிக்கும் பொதுவாக நன்றாக இருந்தது.

இது ஒரு வீட்டு வழக்கு மட்டும் அல்ல. பழைய வண்டி உள்ள இடமெல்லாம் இந்த இரண்டு கட்சிகளும் உண்டு. அன்று அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வண்டியின் குலம் கோத்திரம். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று பிறந்தது. உருவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நமது சென்னைக்கு அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் இதைச் செய்தார்கள். எஞ்சின் 948 சி.சி.; நாற்பது குதிரைத் திறனுக்கும் உட்பட்டதுதான். ஆனால் அடக்கமான தெருவிலும் சட்டென்று திரும்பும். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். 1971 வரை இந்த வண்டி வந்தது. தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலமாயிற்று. ஆகவே, நம் ஊர்க் கைகள் செய்த இந்த வண்டியில் ஒன்றை வெட்டி எறிந்தால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது குறைந்ததுதான்.

பிள்ளையாண்டான் கட்சியை அவ்வளவு எளிதில் தள்ளிவிடவும் முடியாது. பழையபடியே வைக்க வேண்டும் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வண்டி மாறாவிட்டாலும் அது குடிக்கிற பெட்ரோல் மாறிவிட்டது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். வால்வு உட்காரும் இடம் தேயாமல் அதுதான் காத்தது. 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றது. இப்போதோ நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர்க் குழாயையும், பெட்ரோல் பம்பிலுள்ள ஜவ்வையும் அது இளக்கிவிடும். ஈரத்தை இழுத்து டாங்கியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே வால்வுக்குக் கெட்டியான ஸீட், எத்தனால் தாங்கும் குழாய் ஆகிய இவையெல்லாம் மாறியே தீரவேண்டும். ‘ஒரு திருகாணியும் மாறக் கூடாது’ என்கிற வீம்பு, வண்டியை ஓட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கே சாத்தியம்.

தவிர, மாற்றம் என்பது பழைய வண்டிகளுக்குப் புதிதும் அல்ல. கியூபா தீவில் 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கக் கார் வரவு நின்றது. ஷெவர்லே, பிளிமத் எல்லாவற்றுக்கும் கிடைத்த எஞ்சினை ஏற்றி ஓட்டினார்கள். ரஷ்ய எஞ்சின், ஜப்பான் எஞ்சின், எது கையில் அகப்பட்டதோ அது. நம் நாட்டிலும் 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, பெரிய அமெரிக்கக் கார்களில் டீசல் எஞ்சினை ஏற்றினவர்கள் உண்டு. அவர்களை வண்டியைக் கெடுத்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பம் பிழைக்க வண்டி ஓடவேண்டியிருந்தது, அதற்காகச் செய்தார்கள். அந்த டீசல் எஞ்சினும் இப்போது அந்த வண்டியின் சரித்திரந்தான்.

ஹெரால்டு விஷயத்தில் கம்பெனியாரே கை வைத்தார்கள். இதன் பின் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஏற்பாடு நம் மெக்கானிக்குகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அடுத்து 1972-இல் வந்த கஸெல் காரில் அதை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்த ஒரே அச்சைப் போட்டார்கள்.

இங்கேதான் பிள்ளையாண்டானிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். “புது எஞ்சின் போடுகிறாய், சரி. வேகம் கூடும். அந்தப் பின் சக்கர ஏற்பாட்டை என்ன செய்வாய்?” வேகமாக ஒடித்துத் திரும்பினால் பின் சக்கரம் உட்பக்கமாக மடிந்துகொள்வது இந்த வண்டியின் பிறவிக் குணம். நாற்பது குதிரைக்கு அது பொறுக்கும். எண்பது குதிரைக்குப் பொறுக்காது. பிறகு அதையும் மாற்ற வேண்டும். அதை மாற்றினால் சேஸிஸை வெட்ட வேண்டும். அப்புறம் கியர்பாக்ஸ், அதற்கு இடம்விடத் தரையில் ஓட்டை. கடைசியில் பாக்கி நிற்பது நீலத் தகடும் பெயர்ப் பட்டையும்தான். ஒரு காரியம் அடுத்த காரியத்தை இழுத்துக்கொண்டு வரும். எஞ்சின் மாற்றத்தில் செலவைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ரக எஞ்சினுக்கு அனுமதி வாங்க வழி உண்டு. வேறு ரகம் என்றால் லேசில் நடக்காது. இன்னொரு பக்கம், 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினம் ஆபீசுக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பவனி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இவற்றுக்கு மட்டும் தெருவில் வரலாம். இதைக் கேட்டதும் அப்பாவும் பிள்ளையும் ஒரே சமயத்தில் முகம் சுளித்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அப்படியானால் நண்பர் கட்சி ஜெயித்ததா? அதுவும் இல்லை. ‘அசல்’ என்பது அவர் நினைக்கிறபடி கல்லில் செதுக்கிய வஸ்து அல்ல. 1990-இல் லண்டன் ஹைகோர்ட்டில் இதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. பென்ட்லி கம்பெனியின் ‘பழைய நம்பர் ஒன்று’ என்ற பந்தயக் கார். 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. 1932-இல் அதற்குப் பெரிய எஞ்சின் வைத்தார்கள். அந்த வருஷமே புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் கார் கவிழ்ந்து ஓட்டியவர் மாண்டார். பிறகும் பல கை மாறிப் பல தடவை கட்டப்பட்டது. ஒரு கோடி பவுனுக்கு விலை பேசியபின், ‘பந்தயத்தில் ஜெயித்த வண்டியில் இதில் என்ன மிச்சம்?’ என்று வாங்குகிறவர்கள் பின்வாங்கினார்கள். நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? இதை அசல் என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான ‘நம்பர் ஒன்று’ இதுதான் என்றார். இடையில் அறுபடாமல் ஒரே வண்டியாக வாழ்ந்து வந்திருக்கிறது என்பதுதான் காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. உதிரி பாகத்தை எண்ணாமல் வாழ்க்கையை எண்ணிய தீர்ப்பு.

இதை வைத்துக்கொண்டு இன்னொரு வகைக் குற்றத்தையும் சொல்லவேண்டும். மீட்டெடுக்கிறேன் என்று சொல்லி, வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிடப் பளபளப்பாக்குகிறார்களே, அது. தகடெல்லாம் சுரண்டி, எட்டுப் பூச்சுப் பூசி, உட்காரும் மெத்தையைக்கூட விலையுயர்ந்த தோலாக்கி நிறுத்துகிறார்கள். பரிசும் வருகிறது. ஆனால் அறுபது வருஷம் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்த சுவடு ஒன்றுகூட அதில் இல்லை. கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று கல்வெட்டைத் தேய்த்த கதை நமக்குத் தெரியாததா? அங்கே கைங்கரியம், இங்கே காதல்; பலன் ஒன்றுதான். புது எஞ்சின் ஏற்றுகிறவனாவது வண்டி ஓடவேண்டும் என்று ஆசைப்படுகிறான்.

ஆகவே என் கட்சி இது. கழற்றி மறுபடி பழையபடி மாட்டக்கூடிய மாற்றம் எதுவும் செய்யலாம். வெட்டி, ஒட்டி, ஓட்டை போட்டுச் செய்வது எதுவும் கூடாது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைக்கலாம். பாயின்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம். அது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். ரேடியல் டயர், பெல்ட், நல்ல பிரேக் லைனிங் எல்லாம் உயிரைக் காக்கிற சமாசாரம். அதில் அசல் பேசுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. கழற்றின சாமானைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், துணியில் சுற்றிச் சீட்டு எழுதிப் பரணில் வைக்கவேண்டும். பேரன் வந்து திருப்பி மாட்ட நினைத்தால் மாட்டலாம். எஞ்சினைப் பிரித்து ரிங், பேரிங் மாற்றினால் அதே 948 சி.சி. இன்னொரு தலைமுறைக்கு ஓடும். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். இந்த வண்டியின் நாடி பார்க்கத் தெரிந்த கிழ மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதைச் சொன்னேன். இருவருக்கும் பாதிப் பாதிதான் திருப்தி. அடுத்த வாரமே டிங்கரிங் வேலைக்காரர் வந்து கணக்குப் போட்டார். அதில் இடது பக்க முன் மட்கார்டில் ஒடுக்கு எடுக்கவும் ஒரு தொகை எழுதியிருந்தது. நண்பர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார். பிள்ளை, “எல்லாம் அசலாக இருக்கவேண்டும் என்றீர்களே, அப்பா! கம்பெனியிலிருந்து ஒடுக்கோடேயா வந்தது?” என்று மடக்கினான். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னார். 1969-இல் அவர் தாயார் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், வாசல் கேட்டுத் தூணில் கொண்டுபோய் இடித்தாராம். தாத்தா அதைச் சரிசெய்யவே விடவில்லையாம். பையனுக்கு இந்தச் சங்கதி அதுவரை தெரியாது. குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

ஏ.ஸி. விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. அந்தச் சின்ன எஞ்சின் அதை இழுக்காது என்று மெக்கானிக் சொல்லியும் பிள்ளை விடுவதாக இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் என்னை வரச்சொல்லியிருக்கிறார்கள்.