காதல் சரி, யூதானுக்கு என்ன பதில்?

சீனத் தொடரென்றால் வாள்சண்டைதான் என்று நினைப்பவர்கள் 2011இல் வந்த ‘ஸ்கார்லெட் ஹார்ட்’டைப் பார்க்கவேண்டும். 35 அத்தியாயம். இந்தக் காலத்துப் பெண்ணொருத்தி விபத்தில் சிக்கி, பேரரசர் காங்ஷியின் காலத்தில் ருவோஷியாகக் கண்விழிக்கிறாள். எந்த இளவரசன் அரியணை ஏறுவான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எதையும் தடுக்க முடியாது.

பொத்துவிலில் ராத்தாவும் நானும் தராவீஹ் முடிந்து போனில் பார்ப்போம். பதின்மூன்றாம் இளவரசனுக்காக மன்றாடி ருவோஷி கொட்டும் மழையில் முழந்தாளிட்டிருக்க, நான்காம் இளவரசன் வந்து தன் மேலங்கியால் அவளை மறைத்து நிற்பான். ராத்தா அழுதே விட்டார்.

ஆனால் அவள் முதலில் விரும்புவது எட்டாம் இளவரசனை, சொந்த அக்காள் ருவோலானின் கணவனை. அக்காள் மனைவியாக இருக்கையில் தங்கையைக் கட்டுவது நமக்கு ஹராம். மனம் ஒப்பாமல் அங்கே வாழும் ருவோலானின் முகத்தில் கெமரா இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

எனக்குப் பொறுக்காதது யூதானின் சாவு. உளவு பார்த்தாள் என்று அந்தப் பணிப்பெண்ணை ஆவியில் அவித்துக் கொல்ல உத்தரவிடுகிறவன், அரசனாகிவிட்ட அதே நான்காம் இளவரசன். அதன்பிறகும் தொடர் அவனுக்காகவும் நம்மிடம் கண்ணீர் கேட்கிறது. நான் கொடுக்கவில்லை.